வயிற்று டயாலிசிஸ்: பெண்கள் கேட்கும், கேட்கத் தயங்கும் கேள்விகள்

சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று டயாலிசிஸுக்குப் பயிற்சி கொடுக்கும் நர்ஸ் நான். பை மாற்றுவது, கை கழுவுவது, உப்பு, தண்ணீர் எல்லாம் பேசி முடித்து, கூட வந்த ஆண்கள் டீ குடிக்கக் கீழே போன பிறகுதான் பல பெண்கள் மெல்ல வாயைத் திறப்பார்கள். "சிஸ்டர், ஒன்று கேட்கட்டுமா?" என்று குரல் தாழும். அப்படிக் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்து அளவு எதையும் சொல்லவில்லை. அது உங்கள் டாக்டர் உங்கள் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

வயிற்று டயாலிசிஸ் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானே? பெண்களுக்கென்று தனியாக என்ன இருக்கிறது?

செய்முறை ஒன்றுதான். வயிற்றின் உட்சுவரையும் குடலையும் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வு வடிகட்டியாக வேலை செய்கிறது. வயிற்றில் பொருத்திய கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகச் சுமார் 2 லிட்டர் திரவத்தை உள்ளே விடுகிறோம். சில மணி நேரம் கழித்து அதைக் கழிவோடு வெளியே எடுக்கிறோம். கையால் செய்பவர்களுக்கு நாளைக்கு 3 அல்லது 4 பை. மெஷின் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பகுதி இரவு தூக்கத்திலேயே முடிந்துவிடும்.

வித்தியாசம் உடம்பின் அமைப்பில் இருக்கிறது. ஆணுக்கு இந்த வயிற்றுக்குழி முழுக்க மூடிய ஒரு பை. பெண்ணுக்கு அப்படியில்லை. கருக்குழாய்களின் விரல் போன்ற முனைகள் நேராக வயிற்றுக்குழிக்குள்தான் திறக்கின்றன. அங்கிருந்து கர்ப்பப்பை, கர்ப்பப்பை வாய், பிறப்புறுப்பு என்று வெளியே வரை ஒரு பாதை போகிறது. நாம் திரவம் விடும் இடத்துக்கும் மாதவிலக்கு நடக்கும் இடத்துக்கும் நடுவில் சுவர் இல்லை. இது மனதில் பதிந்துவிட்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்குப் பதில் உங்களுக்கே புரிந்துவிடும்.

மாதவிலக்கு வந்த அன்று பையில் வந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. பயந்து போய்விட்டேன். ஏன் இப்படி?

பயப்படுவது இயல்புதான். பயிற்சியின்போதே இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது. மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள்ளும் போகும். டயாலிசிஸ் செய்யாத பெண்களுக்கும் இது நடக்கிறது. அவர்கள் உடம்பு அதை உள்ளேயே உறிஞ்சிவிடுவதால் தெரிவதில்லை. நீங்கள் வயிற்றில் இருப்பதை வெளியே எடுத்துப் பார்ப்பதால் உங்கள் கண்ணில் படுகிறது. சிலருக்கு மாதவிலக்கு தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பையில் நிறம் மாறிவிடும். இன்னும் சிலருக்கு இரண்டு மாதவிலக்குக்கு நடுவில், கருமுட்டை வெளிவரும் நாளிலும் லேசாகச் சிவக்கும்.

நிறத்தைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மில்லி ரத்தம் கலந்தாலே கண்ணுக்குத் தெரியும்படி சிவந்துவிடும்.

சரி, என்ன செய்வது? டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் செய்யுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு பையை உள்ளே ஊறவிடாமல் உடனுக்குடன் விட்டு எடுக்கச் சொல்வார்கள். சூடு செய்யாமல் அறை வெப்பத்திலேயே விடச் சொல்லலாம், அந்தக் குளிர்ச்சிக்கு ரத்தக்குழாய்கள் சுருங்கும். ரத்தம் கட்டி கதீட்டரை அடைத்துவிடாமல் இருக்கப் பையில் ஹெப்பாரின் சேர்க்கவும் சொல்வதுண்டு. அது வயிற்றுக்குள்ளேயே நின்று வேலை செய்யும், உடம்பு ரத்தத்தில் பெரிதாகக் கலக்காது. இவை எதையும் கேட்காமல் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

சில நேரங்களில் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். இரண்டு மூன்று பை மாற்றியும் நிறம் குறையாமல் அடர்த்தி கூடிக்கொண்டே போனால், வயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்து வந்தால், தலை சுற்றினால் வந்துவிடுங்கள். மாதவிலக்கு நின்று வருடங்கள் ஆனவருக்கோ, கர்ப்பப்பை எடுத்தவருக்கோ பை சிவந்தால் அதற்கு மாதவிலக்கு காரணமாக இருக்க முடியாது, காரணம் தேடியே ஆக வேண்டும். நாள் தள்ளிப்போய், அடிவயிறு ஒரு பக்கம் வலித்து, பையும் சிவந்தால் கருக்குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.

ரத்தம் கலந்த பையும் கலங்கிய பையும் ஒன்றல்ல. பைக்குப் பின்னால் அச்சடித்த காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். லேசான சிவப்பாக இருந்தும் எழுத்து தெரிந்தால் அது பெரும்பாலும் ரத்தம் மட்டும்தான். அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி எழுத்து மங்கினால் பெரிட்டோனைட்டிஸ் என்ற வயிற்றுத் தொற்று என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பையைக் கொட்டாமல் கையோடு எடுத்து வாருங்கள். அதில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100க்கு மேல் வெள்ளணுக்கள் இருந்து, அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோபில் வகையாக இருந்தால் தொற்று என்று முடிவு செய்து ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். மாதவிலக்கு நாள் என்பதற்காகக் கலங்கலையும் "அதுவாகத்தான் இருக்கும்" என்று விட்டுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நாள் தாமதத்தால் கதீட்டரையே எடுக்க வேண்டி வரலாம்.

எனக்கு மாதவிலக்கே நின்றுவிட்டது. என் தங்கை வயதுப் பெண் ஒருத்திக்கோ டயாலிசிஸ் தொடங்கியதும் அதிகமாகப் போகிறதாம். எது சரி?

இரண்டுமே நடக்கும். சிறுநீரகம் செயலிழக்கும்போது மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் தாளம் குலைகிறது. புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடும், மாதாமாதம் கருமுட்டை வெளிவருவது தப்பும். அதனால் பலருக்கு மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும். டயாலிசிஸ் நன்றாக ஓடி, எரித்ரோபொய்டின் ஊசியால் ரத்தம் ஏறியதும் நின்றது திரும்ப வரலாம். அது உடம்பு தேறியதன் அடையாளம். ஆனால் கருமுட்டை வெளிவராத மாதங்களில் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்து, பிறகு மொத்தமாக உதிர்வதால் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கும்.

ஏற்கனவே ரத்தம் குறைவாக இருக்கும் உடம்பு இது. ஒரு நாளில் எத்தனை நாப்கின் மாற்றுகிறீர்கள், கட்டி விழுகிறதா என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால், ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மாதாமாதம் ரத்தம் வெளியே போவது யாருக்கும் தெரியாமல் இருக்கும்.

மாதவிலக்கு வலிக்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரை போடலாமா?

மெஃபனமிக் ஆசிட், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கலந்த மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போட வேண்டாம். "சிறுநீரகம்தான் போய்விட்டதே, இனி என்ன கெடும்?" என்று கேட்பார்கள். வயிற்று டயாலிசிஸ் செய்பவருக்கு இன்னும் கொஞ்சம் சிறுநீர் போகிறது என்றால் அது பொன்னுக்குச் சமம். அந்த மிச்ச வேலைதான் உங்களைச் சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் விடுகிறது. இந்த மாத்திரைகள் அதைத்தான் முதலில் பறிக்கும். பாராசிட்டமால் பெரும்பாலும் பாதுகாப்பானது, வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கலாம். ஒத்தடப் பை கதீட்டர் மேல் படக்கூடாது.

போக்கை நிறுத்தக் கொடுக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரை சிறுநீரகம் வழியாகத்தான் உடம்பை விட்டு வெளியேறுகிறது. உங்களுக்கு அளவைக் குறைத்தே கொடுக்க வேண்டும், கூடினால் வலிப்பு வரலாம். வேறு ஆஸ்பத்திரியில் மகப்பேறு மருத்துவரைப் பார்த்தால் "எனக்கு டயாலிசிஸ் நடக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள்.

அந்த மூன்று நாள் வீட்டில் தனியாக இருக்கச் சொல்கிறார்கள். பை மாற்றும் அறைக்குள் போகக்கூடாதாம். என்ன செய்வது?

பை மாற்றுவதை ஒரு நாள்கூட விட முடியாது. இடத்தையும் நினைத்தபடி மாற்ற முடியாது. சுத்தமாகத் துடைத்த மேசை, மூடிய கதவு, நிறுத்திய மின்விசிறி, மாஸ்க், கை கழுவ ஓடும் தண்ணீர், இத்தனையும் சேர்ந்துதான் அந்த இடம் பாதுகாப்பாகிறது. திண்ணையிலோ, பின்கட்டிலோ, சாமான் அறையிலோ உட்கார்ந்து பை மாற்றினால் தூசியும் கிருமியும் கதீட்டர் வழியாக நேராக வயிற்றுக்குள் போகும்.

வீட்டுப் பெரியவர்களிடம் சண்டை போடச் சொல்லவில்லை. அந்த அறை உங்களுக்கு ஆஸ்பத்திரி அறை மாதிரி, அவ்வளவுதான் என்று சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் அடுத்த முறை மாமியாரையோ அம்மாவையோ எங்களிடம் கூட்டி வாருங்கள். நான் பேசிய பெரியவர்களில் அநேகம் பேர், வயிற்றில் தொற்று வந்தால் என்ன ஆகும் என்று விளக்கியதும், "அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்றுதான் கேட்டார்கள். சிலர் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பூஜை அறையிலிருந்து தள்ளி, உங்களுக்கென்று ஒரு மூலையை மாதம் முழுக்க நிரந்தரமாக வைத்துக்கொள்வதுதான் வழி.

இன்னொன்று, நாப்கின் மாற்றும் வேலையை முதலில் முடியுங்கள். கையைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, அப்புறம் மாஸ்க் கட்டி, திரும்பவும் கை கழுவிப் பையைத் தொடுங்கள்.

கதீட்டர் வைக்கப் போகிறார்கள். புடவை கட்டலாமா, சுடிதார் போடலாமா?

இதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு கேட்டால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. கதீட்டர் தோலை விட்டு வெளியே வரும் இடம் பாவாடை நாடா இறுக்கும் கோட்டில் அமைந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தொல்லை. நாடா உரசி உரசிப் புண்ணாகும், சீழ் வைக்கும், அந்தச் சீழ் கதீட்டர் ஓரமாகவே உள்ளே இறங்கும். ஆண்களுக்கு பெல்ட் கோடு பார்த்துக் குறிப்பார்கள். நமக்கு நாடா கோட்டைப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

குறி போடும் நாளில் தினமும் கட்டுகிற மாதிரியே புடவை கட்டிக்கொண்டு வாருங்கள். சுடிதார் போடுபவர் சுடிதாரோடு வாருங்கள். படுத்த நிலையில் மட்டும் குறித்தால் போதாது. நிற்க வைத்து, உட்கார வைத்து, நாடா எங்கே விழுகிறது, வயிற்று மடிப்பு எங்கே வருகிறது என்று பார்த்து அதற்கு மேலேயோ கீழேயோ குறிக்கச் சொல்லுங்கள். அந்த இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கைக்கு எட்ட வேண்டும். முன்பு சிசேரியனோ குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனோ செய்திருந்தால் அந்தத் தழும்பையும் காட்டுங்கள். உள்ளே ஒட்டுதல் இருக்கலாம் என்று தெரிந்தால் லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளை வழியாகக் கேமரா விட்டு, பார்த்தே வைப்பார்கள்.

ஏற்கனவே நாடா கோட்டில் வந்துவிட்டவர்கள் மென்மையான அகலப் பட்டை வைத்த பாவாடை தைத்துக்கொள்ளலாம். வீட்டில் நைட்டி வசதி. கதீட்டரை எப்போதும் டேப் போட்டு வயிற்றோடு ஒட்டி வையுங்கள். அந்த இடத்தில் மஞ்சள் பூசவோ எண்ணெய் தடவவோ கூடாது. குளம், ஆறு, கோயில் தீர்த்தம் எதிலும் இறங்கி முங்கக் கூடாது.

வெள்ளைப்படுதலும் அரிப்பும் இருக்கிறது. வயிற்றுத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் போட்ட பிறகுதான் ஆரம்பித்தது.

ஆன்டிபயாடிக் கெட்ட கிருமியோடு நல்ல கிருமிகளையும் அழித்துவிடும். அந்த இடைவெளியில் கேண்டிடா என்ற பூஞ்சை வளர்ந்து, தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படும், அரிக்கும். சர்க்கரை நோய் இருந்தால் இன்னும் சுலபமாக வரும். உங்கள் விஷயத்தில் இதைச் சும்மா விடக்கூடாது, ஏனென்றால் பூஞ்சை வயிற்றுக்குள் தொற்றினால் மருந்து மட்டும் போதாது, கதீட்டரை எடுத்தே ஆக வேண்டியிருக்கும். அதனால்தான் ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் பூஞ்சையைத் தடுக்கும் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதை நிறுத்திவிடாதீர்கள். பிறப்புறுப்பின் உள்ளே சோப்பு, டெட்டால் எதுவும் விட்டுக் கழுவ வேண்டாம், வெளியே வெறும் தண்ணீர் போதும்.

திரவம் உள்ளே விட்டதும் பிறப்புறுப்பு வழியாகத் தண்ணீர் கசிகிற மாதிரி இருக்கிறது.

அரிதாக நடக்கும். முதலில் சொன்ன அதே பாதைதான். அந்தத் தண்ணீரைச் சர்க்கரை பார்க்கும் பட்டையில் சோதித்தால் தெரிந்துவிடும், டயாலிசிஸ் திரவத்தில் குளுக்கோஸ் நிறைய இருக்கும். கண்டுபிடித்த உடனே பை விடுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். பிறப்புறுப்பின் வெளி இதழ்கள் திடீரென்று வீங்கினாலும் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். வெட்கப்பட்டு ஒரு வாரம் மறைக்காதீர்கள்.

திரவம் உள்ளே சுலபமாகப் போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது என்றால் முதல் சந்தேகம் மலச்சிக்கல். அது இல்லையென்றால், கருக்குழாயின் விரல் முனைகள் கதீட்டர் ஓட்டைகளைப் பிடித்து அடைத்திருப்பதும் பெண்களிடம் பார்க்கும் ஒரு காரணம். லேப்ராஸ்கோப்பியில் விடுவிப்பார்கள்.

ஸ்கேன், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்யப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் மாதிரி மேலோட்டமான பரிசோதனையைத் தைரியமாகச் செய்துகொள்ளலாம், செய்துகொள்ளவும் வேண்டும். மாற்று சிறுநீரகத்துக்குப் பெயர் கொடுக்க நினைப்பவர்கள் கட்டாயம் முடித்திருக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆபத்து கூடும்.

கர்ப்பப்பைக்குள் கருவி நுழைக்கும் வேலை என்றால் கதை வேறு. உட்சுவரிலிருந்து சதை எடுப்பது, உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி, காப்பர் டி வைப்பது இவற்றுக்கெல்லாம் முன்பாக வயிற்றிலுள்ள திரவத்தை முழுக்க வெளியே எடுத்துவிட்டுப் போக வேண்டும். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். வயிற்று டயாலிசிஸுக்கான சர்வதேச சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் இதைத்தான் பரிந்துரைக்கிறது. மகப்பேறு மருத்துவர் தினமும் வயிற்று டயாலிசிஸ் நோயாளிகளைப் பார்ப்பவராக இருக்க மாட்டார். அதனால் எங்கள் யூனிட்டின் போன் நம்பரை அவரிடம் கொடுங்கள்.

ஸ்கேன் எடுக்கும் டாக்டரிடம் "வயிற்றில் டயாலிசிஸ் திரவம் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "வயிற்றில் நீர் கோர்த்திருக்கிறது" என்று ரிப்போர்ட் வந்து குடும்பமே கலங்கிப் போகும். சினைப்பைக் கட்டிக்காக சிஏ 125 என்ற ரத்தப் பரிசோதனை எழுதினாலும் நினைவுபடுத்துங்கள். பெரிட்டோனியத்தின் செல்களே அந்தப் பொருளைச் சுரக்கக்கூடியவை. அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்டக்கூடாது.

கணவரோடு சேர்ந்திருக்கலாமா?

கதீட்டர் வைத்த புண் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு தாராளமாக. கதீட்டர் இழுபடாமல் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். வயிறு நிறைந்திருப்பது அசௌகரியமாக இருந்தால் பை மாற்றும் நேரத்தை அதற்கேற்ப வைத்துத் திரவத்தை எடுத்துவிட்டு இருக்கலாம். பாரம் வயிற்றில் விழாத நிலை எதுவும் நல்லது. கதீட்டரால் கணவருக்கு எந்த நோயும் ஒட்டாது.

உலர்வாக இருக்கிறது, வலிக்கிறது என்பார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் அப்படி ஆகும். மெடிக்கலில் கிடைக்கும் தண்ணீர் சார்ந்த ஜெல் பயன்படுத்துங்கள். ஆணுறை உபயோகிப்பவர்கள் தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் கிழிந்துவிடும். ஆசையே வரவில்லை என்றால் அது உங்கள் குற்றம் இல்லை. ரத்தக்குறைவு, ஹார்மோன், தூக்கமின்மை, சில பிரஷர் மாத்திரைகள், மனச்சோர்வு எல்லாம் சேர்ந்தது அது. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை இருக்கிறது. வயிற்றில் ஒரு குழாய் தொங்குகிறது என்பதாலேயே "இனி நான் பெண்ணில்லை" என்று என் எதிரில் அழுதவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் கணவரிடமே ஒரு நாள் பை மாற்றக் கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கதீட்டர் இருவருக்கும் பொதுவாகிவிட்டது என்றார்.

டயாலிசிஸில் கர்ப்பம் தரிக்காது என்கிறார்களே, தடுப்பு எதற்கு?

குறைவு, ஆனால் தரிக்கும். மாதவிலக்கே வராமல் இருந்தவருக்கும் எதிர்பாராமல் கருமுட்டை வெளிவரலாம். பிரஷருக்குக் கொடுக்கும் எனலாபிரில், டெல்மிசார்டன் வகை மாத்திரைகள் கருவைப் பாதிக்கும். அதனால் குழந்தை வேண்டாத காலத்தில் தடுப்பு கட்டாயம்.

ஆணுறை எல்லோருக்கும் பொருந்தும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பிரஷரையும் ரத்தம் கட்டும் ஆபத்தையும் கூட்டும், எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோயால் சிறுநீரகம் போனவர்களுக்கு இன்னும் ஆபத்து. புரோஜெஸ்ட்ரோன் மட்டும் உள்ள மாத்திரை அநேகருக்கு ஒத்துப்போகும். காப்பர் டி போக்கை அதிகப்படுத்தும். ஹார்மோன் உள்ள கர்ப்பப்பைச் சாதனம் போக்கைக் குறைக்கும் என்பதால் சிலருக்கு இரட்டை நன்மை, ஆனால் வைக்கும்போது மேலே சொன்ன ஏற்பாடு வேண்டும். கிராம சுகாதார நர்ஸிடம் இலவசமாகக் கிடைக்கும் 'அந்தரா' ஊசியையும் 'சாயா' மாத்திரையையும் நீங்களாகத் தொடங்காதீர்கள். ஊசி எலும்பின் வலுவைக் குறைக்கும், சிறுநீரக நோயாளிகளின் எலும்பு ஏற்கனவே பலவீனமானது. 'சாயா' சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கானதல்ல.

எனக்குக் குழந்தை வேண்டும். நடக்குமா?

இந்தக் கேள்விக்கு "நினைக்கவே நினைக்காதே" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமில்லை. டயாலிசிஸில் இருந்த ஒரு பெண் குழந்தை பெற்ற செய்தி 1971லேயே இத்தாலியிலிருந்து வந்துவிட்டது. ஆனால் முழு உண்மையையும் சொல்லியாக வேண்டும்.

வயிற்றில் திரவமும் குழந்தையும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். அதனால் வயிற்று டயாலிசிஸில் தொடர்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் விடும் அளவைக் குறைத்து, பை எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். அதுவும் போதாதபோது ரத்த டயாலிசிஸுக்கு மாற்றுவார்கள், அல்லது இரண்டையும் சேர்த்துச் செய்வார்கள். தாயின் ரத்தத்தில் யூரியா எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது குழந்தைக்கு. கனடாவின் டொரன்டோ மருத்துவர்கள் 2014ல் வெளியிட்ட ஆய்வில், ரத்த டயாலிசிஸ் வாரத்துக்கு 20 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ செய்தவர்களில் 48 சதவீதத்தினருக்கும், 36 மணி நேரத்துக்கு மேல் செய்தவர்களில் 85 சதவீதத்தினருக்கும் குழந்தை உயிரோடு பிறந்தது. வாரத்துக்கு 36 மணி நேரம் என்றால் வாரத்தில் ஆறு நாள், நாளைக்கு ஆறு மணி நேரம். குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, பிரஷர் ஏறுவது ஆகியவற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

நாள் தள்ளினால் சிறுநீர் அட்டையை மட்டும் நம்பாதீர்கள். சிறுநீர் குறைவாகப் போகும் உடம்பில் அது சரிவராது. ரத்தத்தில் பார்க்கும் கர்ப்ப ஹார்மோனும் சிறுநீரகச் செயலிழப்பில் கர்ப்பம் இல்லாமலே கொஞ்சம் கூடியிருக்கலாம். ஸ்கேன்தான் உறுதி செய்யும்.

மாற்று சிறுநீரகம் பொருத்தி, உடம்பு நிலைப்பட்ட பிறகு கர்ப்பம் தரிப்பதுதான் தாய்க்கும் குழந்தைக்கும் பாதுகாப்பான வழி. சில மாதங்களிலேயே மாதவிலக்கு சீராகிவிடும், ஆனால் ஒன்று முதல் இரண்டு வருடம் காத்திருக்கச் சொல்வார்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கக் கொடுக்கும் மைக்கோஃபினோலேட் மருந்தை, கர்ப்பம் தரிப்பதற்கு குறைந்தது 6 வாரம் முன்பே மாற்றிவிட வேண்டும். உங்கள் வயது முப்பத்தைந்தைத் தாண்டுகிறது என்றால் இதையெல்லாம் இன்றே பேசுங்கள்.

எடை ஏறுகிறது, ஆனால் உடம்பில் சத்தே இல்லை. ஏன்?

திரவத்திலுள்ள குளுக்கோஸ் ஒரு நாளைக்கு சுமார் 100 முதல் 150 கிராம் வரை உடம்பில் ஏறுகிறது. வாயால் சாப்பிடாமலே சேரும் சர்க்கரை. அதே நேரம் 5 முதல் 10 கிராம் வரை புரதம் பையோடு வெளியே போகிறது. நம் வீடுகளில் பெண்கள் கடைசியில், மிஞ்சியதைச் சாப்பிடுவார்கள். மிஞ்சுவது சோறும் ரசமும்தான், முட்டையும் மீனும் மிஞ்சுவதில்லை. இந்த வைத்தியத்தில் முட்டை வெள்ளைக்கரு உங்களுக்கு மருந்து. மற்றவர்களுக்குப் பரிமாறும் முன் உங்கள் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

குடம் தூக்கலாமா? பிள்ளையைத் தூக்கலாமா?

2 லிட்டர் வயிற்றில் இருக்கும்போது உள்ளே அழுத்தம் ஏற்கனவே அதிகம். அதோடு குடமோ கேஸ் சிலிண்டரோ தூக்கினால் தொப்புளிலும் பழைய சிசேரியன் தழும்பிலும் குடலிறக்கம் வரும். பல பிரசவம் கண்டவர்களுக்குக் கர்ப்பப்பை இறக்கமும் கூடும். அடியில் ஏதோ இறங்குகிற மாதிரி இருந்தால், தொப்புள் துருத்தினால் சொல்லுங்கள். பை அளவைக் குறைக்கவும், படுத்த நிலையில் செய்யவும் வழி உண்டு. குழந்தையை உட்கார்ந்தபடி மடியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதவிலக்கு சீக்கிரமே நின்றுவிட்டது. எலும்பு பலவீனமாகுமா?

சிறுநீரக நோயில் சில வருடம் முன்னதாகவே நிற்பது வழக்கம்தான். எலும்புக்கு இரண்டு பக்கமும் அடி: ஒன்று ஈஸ்ட்ரோஜன் குறைவு, இன்னொன்று பாஸ்பரஸும் பாராதைராய்டு ஹார்மோனும் ஏறுவது. மூட்டு வலிக்குக் கால்சியம் மாத்திரை வாங்கி நீங்களாகப் போடாதீர்கள், அது ரத்தக்குழாயில் படியும். நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு யார் சிறுநீரகம் கொடுப்பார்கள்? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கூச்சம் எனக்கு வருத்தம் தருகிறது. இந்தியாவில் 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 உறுப்பு மாற்று ஆபரேஷன்களில் உறுப்பைப் பெற்றவர்களில் 29,695 பேர் ஆண்கள், 6,945 பேர் பெண்கள். கணவருக்குக் கொடுக்க மனைவி முன்வருகிறார், மகனுக்கு அம்மா கொடுக்கிறார். மனைவிக்கு என்று வரும்போது வீடு மௌனமாகிவிடுகிறது. கேளுங்கள். வீட்டில் யாரும் இல்லையென்றால் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறும் அரசுப் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். "அவர் முடிவு செய்யட்டும்" என்று வருடங்களை ஓட்டாதீர்கள்.

அதுவரை பை வாங்குவதே பாரமாக இருக்கிறதா? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வயிற்று டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் ஒரு பகுதி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

டாக்டர் ஆண். கணவர் பக்கத்திலேயே நிற்கிறார். இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

தினமும் எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று எழுதும் நோட்டு இருக்கிறதல்லவா, அதிலேயே எழுதுங்கள். மாதவிலக்கு தொடங்கிய தேதிக்கு ஒரு வட்டம், பை சிவந்த நாளுக்கு ஒரு புள்ளி, வெள்ளைப்பட்டால் ஒரு கோடு. அதிகம் போன நாளில் எத்தனை நாப்கின் என்ற எண். நோட்டைப் புரட்டியதுமே நாங்கள் புரிந்துகொள்வோம். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும், எடை பார்க்க வேண்டும் என்று சொல்லி உங்களை மட்டும் உள்ளே கூப்பிடுவேன்.